ஒன்பதாம் பிரிவு

ஒட்டாவா, பிப்ரவரி, நாலாவது மாடி.
ஒரு மேசை, இரண்டு விசைப்பலகை.
கிஸ்லேன் பிரெஞ்சில் எழுதுகிறாள்,
லோர்ன் ஆங்கிலத்தில்.
ஒன்று மற்றதன் மொழிபெயர்ப்பல்ல;
இரண்டுமே மூலம்.

ஆற்றில் நீந்தும் மீன் கூட்டாட்சிக்கு.
அதன் வயிறு உரசும் மணல் மாகாணத்துக்கு.
மீனை யாரும் கேட்கவில்லை.

மூன்று நாளாக ஒரே சொல்லில் நிற்கிறார்கள்:
கரை.
அவன் சொல்லில் அது
பழைய வெள்ளம் தொட்ட மேடுவரை ஏறுகிறது.
அவள் சொல்லில்
ஈரம் முடியும் இடத்தோடு சரி.
நடுவில் பதினோரு அடி.
அதில்தான் ஒனெசிம் என்றொருவர்
படகுக் கொட்டகை போட்டிருக்கிறார்.
வழக்கும் போட்டிருக்கிறார்.

லோர்ன் பிரெஞ்சில் சொல்லிப் பார்க்கிறான்,
ஆற்றை ஆணாக்கிவிடுகிறான்.
அவள் திருத்தவில்லை.
காபி ஆறிவிட்டது.

இரண்டும் எங்கே ஒத்துப்போகிறதோ
அந்த அளவுக்குத்தான் சட்டம்
என்பார்கள் நீதிமன்றத்தில்.
அந்த அளவை இருவரும்
பென்சிலால் கோடிட்டுப் பார்க்கிறார்கள்.
கொட்டகையின் கதவு மட்டும் உள்ளே வருகிறது.

ஆறு மணிக்கு அவள் பாலமேறி கட்டினோ போகிறாள்.
அவன் இந்தப் பக்கம்.
கீழே வெள்ளையாய்க் கிடக்கிறது எல்லாம்.
பனி கரைந்தால்தான் கரை.

அதுவரை,
வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து
துளைக்குள் தூண்டில் விட்டிருக்கிறான் ஒருவன்.
எந்த மொழிக்காரனோ,
வாயைத் திறக்கவில்லை.