எழவில்லை

சென்னையிலிருந்து கேள்வி வந்து சேரும்போது
மதுரையில் மணி நாலே கால்.
கோட்ட அலுவலகத்தில் டீ ஆறிக்கொண்டிருக்கும்.
நட்சத்திரக் குறியிட்டது, எண் இருநூற்றுப் பதினாறு.
உறுப்பினர் திருமதி வெ. ஒச்சம்மாள், எதிர்க்கட்சி.
நாளை காலை பத்துக்குள் விடை.

(அ) யானைமலைக்கு அந்தப் பக்கம் வாரியம் கட்டிய
ஒன்பதாம் பிளாக்கில் கூரைப் பூச்சு உதிர்வதை அரசு அறியுமா?
(ஆ) ஆமெனில், வைகைக் கரையிலிருந்து அங்கே இறக்கிவிடப்பட்ட
நூற்று நாற்பத்து நான்கு குடும்பங்களுக்கு மாற்று ஏற்பாடு என்ன?
(இ) யார் பொறுப்பு?

பன்னிரண்டு வருடமாக
இந்த மேசையில் விடை தட்டுகிறவன் நான்.
அ: இல்லை.
அ இல்லையென்று ஆகிவிட்டால்
ஆவும் இயும் தாமாகவே படுத்துக்கொள்ளும்:
வினா எழவில்லை.

எவ்வளவு சுத்தமான வாக்கியம்.
கேட்டவர் எழுந்து நின்றுதான் கேட்டார்.

மறுநாள் அலுவலக டிவியில் பார்த்தோம்.
துணைக் கேள்விக்கு எழுந்தவர்
கைப்பையிலிருந்து ஒரு காரைக் கட்டியை எடுத்தார்.
அவையில் பொருளெதுவும் காட்டக் கூடாது என்றார் தலைவர்.
"காட்டலங்கய்யா, கீழ வைக்கிறேன்."
வைத்தார். பாதி கட்டி மணலாக இருந்தது.
மைக் விளக்கு அணைந்தது.
அணைந்த பிறகும் உசிலம்பட்டிக் குரலுக்கு
மைக் அவ்வளவாகத் தேவைப்படவில்லை:
"நடுவுல உக்காந்திருக்கீங்க.
நடுவுல நிக்கவும் செய்யணும்ல?"

நேரலை அங்கே அறுந்து
பட்டுப்புடவை விளம்பரம் வந்தது.
மீதியை, தலைமைச் செயலகத்தில் இருக்கும்
செவந்தியப்பன் ஃபோனில் சொன்னான்.
அந்தம்மா தன் வரிசைப் பக்கமே திரும்பிச் சொன்னாராம்:
"கல்வெட்டுல இருக்கிறது நம்ம மந்திரி பேரு.
கட்டுனது நாம. நல்லாருக்குன்னு கையெழுத்துப் போட்டு
வாங்கிக்கிட்டது அவுக.
அதையும் சேத்துத்தான் கேக்குறேன்."

அந்தக் கூட்டத்தொடரில் முதல் தடவையாக
இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எழுந்தது.
நீக்கணும், நீக்கணும்.
நீக்கினார்கள்.
அவைக்குறிப்பில் அந்த இடத்தில்
மூன்று நட்சத்திரங்கள் இருக்கின்றன.

படம் எடுத்து அனுப்பச் சொல்லி
சனிக்கிழமை எங்களை அனுப்பினார்கள்.
நாலாவது மாடி. லிப்ட் கதவில்
யாரோ குழந்தைக்குப் பாவாடை காயப்போட்டிருந்தார்கள்.
மாட்டுத்தாவணியில் டிபன் கடை வைத்திருக்கும் லூர்துராணி
கட்டிலைக் காட்டினாள்.
கட்டிலுக்கு மேலே பாத்திரங்கள்,
கட்டிலுக்குக் கீழே பாய், தலையணை, பிள்ளையின் கணக்கு நோட்டு.
"கீழதான் படுக்கிறோம். இரும்புக் கட்டிலு, தாங்கும்."

அந்தம்மா வந்தாங்களா?
"டவுன் பஸ்ல வந்துச்சு. ஓட்டுக் கேக்கல.
படிய எண்ணிக்கிட்டே ஏறுச்சு, எம்பத்தி நாலு.
அதுங் கட்சிக்காரவுக ஒருத்தரும் கூட வரல."
பிறகு என்னைப் பார்த்து,
"இல்லைன்னு எழுதுறது நீங்கதானா?"
மேலிடம்மா, என்றேன்.
"காரையும் மேலருந்துதான் சார் விழுகுது."
சிரித்தாள். உதவிப் பொறியாளரும் சிரித்தார்.
ஒரு துண்டைத் தாளில் மடித்து என் கையில் வைத்தாள்,
பிரசாதம் மாதிரி.

அடுத்த கூட்டத்தொடர். அதே ஒச்சம்மாள், அதே பிளாக்.
இந்தத் தடவை மாடிப்படி கைப்பிடியும் சேர்ந்திருந்தது.
கடைசி வரிசையில் இடம் மாற்றிவிட்டார்கள் என்று கேள்வி.
கேள்வி மட்டும் முன்னாலேயே வந்தது.

நான் அடித்தேன்:
(இ) வினா எழுகிறது.

செயற்பொறியாளர் பச்சை மையை எடுத்தார்.
என்னய்யா இது?
தட்டச்சுப் பிழை சார்.
பார்த்து அடிங்க.
சரி சார்.

வீட்டுக்கடன் இருக்கிறது எனக்கு.
என் வீட்டுக் கூரை நன்றாகவே இருக்கிறது.

அந்தத் துண்டைக் கோப்பின் மேல் வைத்திருக்கிறேன்,
ஃபேன் காற்றுக்கு.
தினமும் கொஞ்சம் குறைகிறது.
துடைக்கிறேன், விசைப்பலகை இடுக்குக்குள் போய்விடுகிறது.
மற்ற எழுத்தெல்லாம் விழுகின்றன.
'இ'யை அழுத்தினால்
நறநறவென்கிறது.