சுதி சேர்க்கப் போனவன்

ராத்திரி பாதிச் சபை எழுந்து போயிற்றாம்.
விடிந்ததும் எனக்கு ஆள் வந்தது:
"சவரிநாதா, பியானோ கெட்டுக் கெடக்கு."

துய்மா வீதி கிளப்பு. பதின்மூன்றாம் வருஷத்து ஐப்பசி ஈரம்.
மேசைமேல் காய்ந்த ஒயின் வட்டம்,
பாரீசிலிருந்து வந்த பாட்டுக்காரி லியோனியின்
ஒற்றைக் கையுறை,
அவள் மீசை வரைந்துகொண்ட கரிக்குச்சி.

எண்பத்தைந்து கட்டையும் தட்டிப் பார்த்தேன்.
ஒரு கம்பியும் நழுவவில்லை.
நோட்டுத்தாளைப் புரட்டினால்,
பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் ஒரே நேரத்தில்,
கல்யாண வீட்டுச் சம்பந்திகள் மாதிரி.
எழுதினவன்
தெரிந்தேதான் எழுதியிருக்கிறான்.

மெதுவாக வாசித்தேன்.
பாலத்தில் பீப்பாய் உருளும் சத்தம்.
இன்னொரு தரம் வாசித்தேன்.
கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு
இன்னொரு தரம்.

"சரி பண்ணியாச்சு முசியே."
இரண்டு ரூபாய்.

மறு வருஷம் லியோனி கப்பலேறினாள்.
அவளுக்கு வாசித்த பையன் பட்டாளத்துக்குப் போனான்.
உப்புக்காற்று புகுந்து
கம்பிகள் நிஜமாகவே நழுவத் தொடங்கின.
எனக்கு ஆள் வரவில்லை.

சனிக்கிழமை ராத்திரி வெளியே சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன்.
உள்ளே பழைய வால்ஸ்,
ஜோடி மாற்றி மாற்றி ஆடுகிறார்கள்.
காதைக் கொடுத்துக் கேட்டேன்:
அவள் பாட்டேதான்.
ஒருத்தரும் எழுந்து போகவில்லை.