நீல மணிகள்

பாலிக் புலாவில் ஈரம்
வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை.
சுவரிலிருந்து வரும். தலையணைக்குள்ளிருந்து வரும்.
உப்பு ஜாடியில் கரண்டியை விட்டால்
சேற்றில் மாட்டிய கால் மாதிரி நிற்கும்.
கல்யாண ஆல்பத்தில்
என் மாமியாரின் முகத்தைப் பூஞ்சணம் தின்றுவிட்டு
மூக்குத்தியை மட்டும் மிச்சம் வைத்தது.

வீட்டில் காய்ந்த இடம் ஒன்றே ஒன்று.
படுக்கையறை மூலையில்
சுவரோடு போல்ட் போட்டு இறுக்கிய இரும்பு அலமாரி.
உள்ளே நாற்பது வாட் பல்பு, இரவும் பகலும்.
அந்த வெதுவெதுப்பில்
எண்ணெய் பூசிக்கொண்டு சாய்ந்திருந்தது
சபாபதியின் இரட்டைக் குழல்.

டுரியான் தோப்புக்குக் காவல்.
பன்னிரண்டு வருஷத்தில் சுட்டது மூன்று காட்டுப்பன்றி.
துடைத்தது எத்தனை தடவை என்று
என்னைக் கேளுங்கள்.

தோல் உறை கூடாது, தோல் ஈரம் குடிக்கும்.
வெறுங்கையால் தொடாதே, வேர்வையில் உப்பு இருக்கு.
தோட்டாவுக்குத் தனிப் பெட்டி, தனிச் சாவி.
'அப்பளப் பாக்கெட்டையாவது உள்ளே வைக்கிறேனே'
என்று ஒரு நவம்பரில் கெஞ்சினேன்.
'இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தா
துப்பாக்கியைப் பொரிக்கிறியான்னு கேப்பாரு' என்றார்.

என் பங்கு, மணிகள்.
கண்ணாடிக் குப்பியில் நீலமாக உள்ளே போகும்.
ஈரம் குடிக்கக் குடிக்க வெளுத்து
ரோஸாகும்.
அப்போது பழைய சட்டியில் கொட்டி
சிறு தீயில் வறுப்பேன்,
ஜவ்வரிசி வறுக்கிற பொறுமையோடு.
ஓரத்திலிருந்து நீலம் திரும்பி வரும்.
அந்தச் சட்டியில் வேறெதுவும் சமைக்கக் கூடாது.
காதில் சிவப்பு நூல் கட்டியிருந்தேன்.
பக்கத்து வீட்டு மெய் லிங் ஒருநாள் எட்டிப் பார்த்து
என்ன பலகாரம் என்றாள்.

ஒரு வியாழக்கிழமை அவர் என்னைக் கூப்பிட்டது
கூப்பிட்ட மாதிரி இல்லை.
குழலின் மேல் பக்கம்,
மடங்கும் இடத்துக்கு நாலு விரல் தள்ளி
பழுப்பாக ஒரு துரு.
டார்ச் அடித்தார்.
சுழி சுழியாக ரேகை.
தன் கட்டைவிரலைப் பக்கத்தில் வைத்தார். பெரிது.
என் சுண்டுவிரலை வைக்கச் சொன்னார்.
அதுவும் பெரிது.

கூடத்தில் கவினேஷ்
ஏழாம் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தான்.
அவனுக்குக் கை வேர்க்கும், பிறந்ததிலிருந்தே.
பென்சில் வழுக்கும். நோட்டின் ஓரங்கள் நெளிந்திருக்கும்.

சாவியை
விபூதிக் கிண்ணத்துக்கு அடியில் வைத்திருந்தோம்.
தினமும் காலையில்
அவன் நெற்றிக்காக விரல் விடும் கிண்ணம்.

அன்று யாரும் யாரையும் அடிக்கவில்லை.
அவர் ஒவ்வொரு தோட்டாவாக எண்ணினார்.
சரியாக இருந்தது. மறுபடி எண்ணினார்.
பன்னிரண்டு வருஷம்
காற்றுக்குப் பயந்திருக்கிறோம்.

எண்ணெய்த் துணியால் நான் தேய்த்தேன்.
பழுப்பு போனது.
நகத்தால் தடவினால் மட்டும் தெரிகிற
ஒரு சொரசொரப்பு, போகவில்லை.

திங்களன்று போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்தோம்.
கோப்ரல் குழலை ஜன்னல் பக்கம் தூக்கி
ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.
இந்தத் தீவில் இவ்வளவு சுத்தமாக
ஒன்றைப் பார்த்ததில்லை என்று மலாயில் பாராட்டினார்.
பாரத்தில் 'பழுது' என்ற கட்டத்தில்
இல்லை என்று எழுதினார்.
சபாபதி கையெழுத்துப் போட்டார்.
நான் வாயைத் திறக்கவில்லை.

தோப்பில் பன்றிகள் இறங்குகின்றனவாம்.
இவர் தகரத்தைத் தட்டிக்கொண்டு போகிறார்.
அலமாரியில் இப்போது அப்பளம்,
பிறப்புப் பத்திரங்கள், முகமில்லாத மாமியார்.
பல்பு எரிகிறது. கரண்டு பில்லைப் பார்த்து
இவர் முணுமுணுப்பார், அணைக்க மாட்டார்.

நேற்று ராத்திரி நல்ல மழை.
சட்டியில் மணிகளைக் கிளறிக்கொண்டிருந்தேன்.
கவினேஷ் வந்து என் கையைப் பிடித்தான்,
நனைந்த கை.
'அம்மா, அங்க அதுக்கு
பல்பு போட்டிருப்பாங்களா?'