இருபத்திரண்டு நிமிடம்

கடையில் ஆணிப் பெட்டிகளுக்கு மேலே ஒரு பலகை.
அதில் பதினோரு சாவிகள்.
எதிலும் பெயர் கிடையாது,
திருடனுக்கு உதவ வேண்டாமென்று
நகப்பூச்சால் நிறம் மட்டும் தீற்றியிருக்கிறேன்.
பச்சை, வைனோ.
பாதி உரிந்த மஞ்சள், லெம்பி.
சிவப்பு, இம்பி ரௌத்தியோ, வயது எண்பத்தொன்பது.

ஏற்பாடு எளிது.
காலை எட்டுக்குள் ஜன்னல் திரை ஏறியிருக்க வேண்டும்.
ஏறவில்லையென்றால் எதிர்வீட்டிலிருந்து போன் வரும்.
நான் சாவியோடு போவேன்.
இதையே கவுண்டி அலுவலகம்
நாற்பது பக்கத் திட்டமாக எழுதி அனுப்பியது.
அதில் இம்பிக்குப் பிடித்தது
தாள்களைக் கவ்வியிருந்த கிளிப்.
ரொட்டிப் பையை மூடுவதற்கு வைத்துக்கொண்டாள்.

போன வாரம் வைனோவின் குளியலறையில்
கைப்பிடி பொருத்தப் போனேன்.
உள்ளே மரச்சட்டம் எங்கே என்று
சுவரைத் தட்டித் தட்டித் தேடினேன்.
"இன்னும் இரண்டு விரல் இடப்பக்கம்" என்றார்
கதவோரம் நின்று.
எழுபத்தொன்றில் அவரே எழுப்பிய சுவர்.
ஒவ்வொரு சட்டமும் நிற்கிற இடம்
கண்ணை மூடினாலும் தெரிகிறது அவருக்கு.
தொட்டியிலிருந்து எழுந்திருக்கத்தான்
அந்தச் சுவரின் தயவு வேண்டியிருக்கிறது.

முதியோர் இல்லம் தொண்ணூறு மைல் தெற்கே.
நல்ல இடம்தான், பொய் சொல்ல மாட்டேன்.
சூப்பைச் சூடாகக் கொடுக்கிறார்கள்.
ஆர்லோ அங்கே போன முதல் டிசம்பரில்
பார்க்கப் போயிருந்தேன்.
அவர் ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம்.
"ஏரி உறைந்துவிட்டதா?" என்றார்.
உறைந்துவிட்டது என்றேன்.
கோட்டை மாட்டி நான் கிளம்பும்போது
மறுபடி கேட்டார்.

ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
எட்டு மணி ஐந்து நிமிடத்துக்குப் போன்:
இம்பியின் திரை இறங்கியே இருக்கிறது.

வண்டி இருமியது, இருமியது, படுத்துவிட்டது.
நடந்தேன்.
இல்லை, ஓடினேன்,
அறுபத்திரண்டு வயதில் பனிக்காலணி போட்டுக்கொண்டு
ஓடுவதை ஓட்டம் என்று சொல்லலாமென்றால்.
சாவி பூட்டுக்குள் திரும்பவில்லை.
வாயருகே வைத்து ஊதினேன்.
உதட்டில் கொஞ்சம் தோல் போயிற்று.
அந்த நேரத்தில் மனம் என்னவெல்லாம் பார்க்கும்:
அடுப்படித் தரை, ஒற்றைச் செருப்பு,
கொதித்துக் கொதித்து வற்றிய கெட்டில்.

இம்பி மேசையருகே உட்கார்ந்திருந்தாள்,
முடி வாரி, கம்பளிச் சட்டைக்கு எல்லாப் பொத்தானும் போட்டு.
முன்னால் முட்டை வேகவைக்கிற கடிகாரம்.
"இருபத்திரண்டு நிமிடம்" என்றாள்.

கத்தினேன்.
இந்த ஊரில் யாரையும் யாரும் அப்படிக் கத்தியதில்லை.
அவள் காபி ஊற்றினாள்.
கை நடுங்கியதில் கொஞ்சம் சாசரில் சிந்தியது.
அதை எனக்கு வைக்காமல்
தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஞாயிற்றுக்கிழமைதோறும் மகள் பேசுகிறாள் டெல்மா.
அரிசோனாவில் அறை இருக்கிறது, வெயில் இருக்கிறது, வா என்கிறாள்.
விழுந்தால் என்ன செய்வாய் என்கிறாள்.
யாராவது வருவார்கள் என்பேன்.
எப்போது என்பாள்.
என்னிடம் பதில் இருந்ததில்லை.
இப்போது ஒரு எண் இருக்கிறது."

அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.
காபி கசந்தது. அவள் காபி எப்போதும் கசக்கும்.
கிளம்புமுன் திரையை நானே ஏற்றினேன்.
எதிர்வீட்டில் ஒரு கை அசைந்து மறைந்தது.

அன்று மாலையே அவள் பூட்டில் கிராஃபைட் தூள் போட்டேன்.
இன்ஜினைச் சூடேற்றும் வயரை மாற்றினேன்.
சிவப்புச் சாவியைப் பலகையிலிருந்து எடுத்து
கல்லாவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினேன்,
அதில் நான்கு எட்டு மிச்சம்.

ஞாயிறு இரவு ஒன்பதரைக்கு போன் அடித்தது.
வணக்கம் கிணக்கம் எதுவுமில்லை.
"பதினைந்து என்று சொல்லிவிட்டேன்" என்றாள் இம்பி.
"என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே."