எனக்கு முன்னால் 71,004 பேர்

விற்பனை காலை பத்துக்கு.
ஒன்பது ஐம்பத்தேழுக்கே
யீஷூன் காப்பிக்கடை மேசையில்
மிளகாய் சாஸ் புட்டிமேல் கைப்பேசியைச் சாய்த்துவிட்டேன்.
இரவு வேலையின் மஞ்சள் மேலங்கி இன்னும் உடம்பில்.
தே ஓ கொசோங் ஆறுகிறது.

பக்கத்தை மூடாதீர்கள், புதுப்பிக்காதீர்கள் என்கிறது திரை.
ஒரு கோட்டின்மேல்
பச்சை நிறக் குட்டி மனிதன் நடக்கிறான்.
இவனை எனக்குத் தெரியும்.
நேற்றிரவு இரண்டே முக்காலுக்கு
செம்பவாங் சாலைச் சந்திப்பில்
இவன் அண்ணனுக்கு ஒரு கால் எரியவில்லை.
ஏணி போட்டு ஏறி மாற்றிவிட்டு வந்தேன்.
அவன் இருபது நொடியில் சாலையைக் கடந்துவிடுவான்.
இவன் நின்ற இடத்திலேயே நடக்கிறான்.

உங்களுக்கு முன்னால் 71,004 பேர்.

வரிசை என்றால் எனக்கு முன்னால் ஒரு பிடரி வேண்டும்.
வியர்த்த காலர், வார் அறுந்த பை,
"நகருதா?" என்று கேட்டால் திரும்ப ஒரு முகம்.
இதில் எண்தான் நிற்கிறது.
டிஷ்யூ பொட்டலம் வைத்து இடம் பிடிக்கவும் வழியில்லை.
பக்கத்து மேசையில் ஒன்று
அரைமணி நேரமாக யாருக்கோ விசுவாசமாக
உட்கார்ந்திருக்கிறது.

பாய லேபார் அலுவலகத்திலிருந்து அமிர்தகலா:
எனக்கு 9,612. உங்களோடது?
சொன்னேன்.
சிரிக்கும் முகம் ஒன்று வந்தது. பிறகு,
மூடிடாதீங்க, எதுக்கும் இருக்கட்டும்.
எதுக்கும் இருக்கட்டும் என்றுதான்
என்னையும் வைத்திருக்கிறாள் போல, பதினோரு வருடமாக.

பத்து இருபதுக்கு, வரிசை நடுவில், திடீரென்று ஒரு கேள்வி.
நீங்கள் இயந்திரம் அல்ல என்று நிரூபியுங்கள்.
போக்குவரத்து விளக்கு உள்ள கட்டங்களைத் தொடுக.

வாய்விட்டுச் சிரித்தேன்.
தே ஆற்றும் அங்கிள் திரும்பிப் பார்த்தார்.

ஒன்பது கட்டம். எந்த ஊரோ,
கம்பியில் தொங்கவிட்டிருக்கிறார்கள்.
நான்கில் சந்தேகமே இல்லை.
ஐந்தாவதில் கம்பம் மட்டும்.
கம்பம் விளக்கில் சேருமா?
எங்கள் பணிச்சீட்டில் சேரும்.
ஏழாவதில் விளக்கின் முதுகு.
வண்டியில் போகிறவனுக்கு அதன் முகம்,
எனக்கு முக்கால்வாசி இரவு இந்த முதுகுதான்.
தொட்டேன்.
தவறு, மீண்டும் முயல்க.
கம்பத்தை விட்டுக்கொடுத்தேன், முதுகை முடியாது.
தவறு.
மூன்றாம் முறை திரை வெளுத்தது.

உங்களுக்கு முன்னால் 118,390 பேர்.

அப்போது அவள் அழைத்தாள்.
கிடைச்சிருச்சு, ஆனா பக்கத்துல பக்கத்துல இல்ல,
உங்க கார்டுதான் போட்டேன், ஓடிபி உங்களுக்கு வரும்,
சீக்கிரம், நாலு நிமிஷம்தான் காட்டுது.
ஆறு இலக்கத்தையும் கடை முழுக்கக் கேட்கக் கத்தினேன்.
டிஷ்யூ பொட்டலத்துக்கு உரியவர் அந்நேரம்தான் வந்தார்,
தட்டில் கோழிச்சோறு.
என்னை ஒரு பார்வை.

இருநூற்று எண்பத்தாறு வெள்ளி, முன்பதிவுக் கட்டணம் தனி.
அவளுக்கு அரங்கின் அந்த ஓரம், மேல் அடுக்கு.
எனக்கு இந்த ஓரம்,
ஒலிபெருக்கி மறைக்கும் என்று எழுதியே விற்கிறார்கள்.

ஏதோ ஒரு பாட்டில்
எல்லாரையும் கைப்பேசி விளக்கைத் தூக்கச் சொல்வார்கள்.
ஆயிரக்கணக்கில் புள்ளிகள் எழும்பும், எல்லாம் ஒரே வெள்ளை.
அவளுடையது மட்டும் விட்டுவிட்டு எரியும்.
மூன்று மாதமாகச் சொல்கிறாள்,
ஊர் விளக்கையெல்லாம் பார்க்கிறீங்க,
இதைப் பார்க்க நேரமில்லை.

பார்க்கிறேன் அமிர்தகலா.
நிகழ்ச்சி முடியட்டும்.