கூலிக்குப் பதில் நாலு கம்பி

ஆம்ப்ளிஃபையரை ரிப்பேருக்குக் கொடுத்த
இசைக்குழு பர்னபாஸ்
கூலிக்கு நாளைக்கு வர்றேன் என்றான்.
அந்த நாளை வருவதற்குள்
சத்துவாச்சாரியில் மூன்று கோடை போயிற்று.
பிறகு அவன் அக்கா மகன் வந்து
உறை போட்ட நீளமான ஒன்றைச் சுவரில் சாய்த்து,
"மாமா துபாய்க்குப் பூட்டாரு.
இத்த வெச்சிக்கினு கணக்க முடிச்சிக்கச் சொன்னாரு" என்றான்.

நாலே கம்பி.
இரண்டைக் கழற்றி விற்றுவிட்டான் என்று
ஒரு வாரம் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மோட்டார் காயில் கட்டுகிறவன் நான்.
நாற்பத்தியொரு வயது.
எண்ணுவதுதான் பிழைப்பு.
சுற்று ஒன்று குறைந்தாலும்
யாரோ ஒருவர் கிணற்றடியில் புகை.
ஆனால் ஃபோன் டிக்டிக்கென்று
ஒன்று இரண்டு மூன்று நாலு சொல்லும்போது
என் விரல் மூன்றரையில் நின்றுவிடுகிறது.

ஆட்காட்டி, நடுவிரல், ஆட்காட்டி, நடுவிரல்.
ஒரு காலில் செருப்போடும்
ஒரு காலில் இல்லாமலும்
மே மாதத் தார்ரோட்டில் போகிற நடை.
செம்புக்கம்பி இழுத்துக் காய்த்த கைதான்;
இந்தக் கம்பிக்கு அந்தக் காய்ப்பு செல்லாதாம்,
புதிதாகக் கொப்புளம் கேட்கிறது.

"நீ வாசிக்கிறது எனக்குக் கேக்கவே இல்ல" என்கிறாள் கலைமதி.
"ஷெல்ஃபுல டம்ளருங்கதான் பேசுது."
உண்மைதான்.
தடித்த கம்பியை அழுத்தி விட்டால்
எவர்சில்வர் முழுக்க ஒரு சிலிர்ப்பு.
எந்த டம்ளர் எந்தக் கட்டத்துக்குப் பதில் சொல்லும் என்று
இப்போது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.
கடையில் எர்த் சரியில்லை.
பெட்டியைப் போட்டாலே ம்ம்ம் என்று இரையும்.
டிரான்ஸ்ஃபார்மரின் இரைச்சல், இருபது வருடமாக
என் காதுக்குள் குடியிருப்பது.
தடித்த கம்பியில் மூன்றாவது கட்டத்தை அழுத்தினால்
என் சத்தமும் அதுவும் கிட்டத்தட்ட ஒன்று.
கிட்டத்தட்ட.
நடுவில் ஒரு சின்ன அலை,
வா, வா, வா என்று கூப்பிடுகிற மாதிரி.
மின்வாரியம் எனக்குச் சுருதி பிடிக்கிறது!
அன்றைக்கு இரண்டு மோட்டார் கட்டாமல் கிடந்தது.

காட்பாடியில் டயர்க் கடை மாடியில் ஒத்திகை.
பர்னபாஸ் இல்லாத குழுவுக்கு
அவன் கிட்டாராவது வரட்டும் என்று கூப்பிட்டார்கள்.
கூடவே நானும் போகவேண்டியதாயிற்று.
பகலில் ஷூ கம்பெனியில் தோல் எண்ணுகிற உபைதுல்லா
இரவில் டிரம்ஸ்.
பாட்டு ஏயில் இருக்கிறது என்றார்.
இருக்கட்டும்.
என் விரல் மூன்றாம் கட்டத்துக்கே ஓடியது.
நாலு முறை நிறுத்தினார்.
"இன்னாபா நீ,
எங்க கெளம்புனாலும் அங்கயே வந்து நிக்கிற,
காட்பாடி ஜங்சன் மாதிரி?"
கீபோர்டுப் பையன் சிரித்துச் சிரித்து
மைக்கைத் தட்டிவிட்டான்.

ஐந்தாவது முறை, பல்லவி பாதியில்,
கரண்ட் போயிற்று.

பாடகி நிறுத்தினாள். கீபோர்டு செத்தது.
கீழே டயர்க் கடைக்காரன் யாரையோ வைதான்.
என் பெட்டியின் ம்ம்ம் கூட இல்லை.
அதுவும் போனபிறகு
எங்கே திரும்பிப் போவது?
உபைதுல்லா மட்டும் நிறுத்தவில்லை.
இருட்டில் அவர் காலின் தும், தும்.

குனிந்து
கிட்டாரின் கொம்பில் தாடையை வைத்தேன்.
கம்பியைத் தொட்டதும்
பல்லுக்குள் வந்தது சத்தம்.
கடைவாய்ப்பல், காதுக்குப் பின்னெலும்பு, பிடரி.
ஏ.
மறுபடியும் ஏ.
ஒன்று இரண்டு மூன்று நாலு,
நாலு,
நாலு வரைக்கும் போனேன்.

எத்தனை சுற்று என்று எண்ணவில்லை.

கரண்ட் வந்தபோது பெட்டி டப்பென்று விழித்தது,
நான் பயந்து தாளத்தை விட்டேன்.
பாடகி தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தாள்.
உபைதுல்லா குச்சியை அக்குளில் இடுக்கி
என் தாடையைப் பார்த்தார்.
கொம்பு பதிந்த தடம் சிவந்திருக்கும்போல.

"மொதல்லேந்து" என்றார்.