நாண்

திங்கள் காலை, ராத்திரி ட்யூட்டி முடிந்து
ஹைகிரவுண்டிலிருந்து வந்ததும்
கை கழுவி
ஊசி போட்டவள் நான்தான்.
வேறு யாரையும் சொல்லிப் பயனில்லை.

எண்ணெயில் கரைத்த மருந்து. கெட்டி.
குளிர்ந்திருந்தால் இறங்காதென்று
சோறு வடித்த சூட்டில் குப்பியைப் பிடிப்பேன்.
சுவர்ப்பக்கம் திரும்பி நிற்பார் தளவாய்,
நாற்பத்தாறு வயது,
வண்ணார்பேட்டை டெப்போவில் டயர் மாட்டுகிற ஆள்.
இந்த வாரம் வலது, அடுத்த வாரம் இடது.
சீட்டு கிடையாது, பில் கிடையாது.
ஜிம் பையன் கொண்டுவருவான்
பழைய வினாத்தாளில் சுற்றி.

வார்டிலும் ஸ்டீராய்டு போடுகிறேன்
இளைப்புக்கு, வீக்கத்துக்கு.
அது வேறு, இது வேறு.
ஒரே பேரில் இரண்டு ஆள் இருக்கிற தெருவில்
தபால்காரர் நிற்பதுபோல
அந்தச் சொல்லுக்கு முன்னால்
கொஞ்ச நேரம் நின்றதுண்டு.
அப்புறம் போட்டுவிடுவேன்.

மூன்று மாதம்.
சட்டைக் கை போதவில்லை, தையலைப் பிரித்தோம்.
நூற்றைம்பது கிலோ, நூற்றெழுபது,
நூற்றுத் தொண்ணூற்றைந்து.
தெருவே பார்த்தது. நானும் பார்த்தேன்.
பொய் சொல்வானேன், எனக்கும் பிடித்திருந்தது.
வயது எங்கள் இருவருக்கும்
ஒதுங்கி வழிவிட்டதுபோல.

மாசியில் சொன்னார்,
முழங்கை மடிப்பில் ஒரு கடுப்பு,
பல் தேய்க்கையில்.
தைலம் தடவி மாத்திரை கொடுத்தேன்.
வலி போயிற்று.
வலி சொல்ல வந்தது போகவில்லை.

சித்திரையில் நான் வார்டில் இருந்தேன்.
மற்றவர்கள் சொன்னதுதான்:
முருகன்குறிச்சி ஜிம், மாடியில்.
கீழே மாடன் கோயில் கொடை, மைக்கில் வில்லடிக்கிறார்கள்.
இருநூற்றுப் பத்து.
கம்பி தரையைவிட்டு முழங்கால்வரை வந்துவிட்டது.
அப்போது ஒரு சத்தம்.
ஈரவேட்டியை உதறினதுபோல என்றான் ஒருத்தன்.
கீழே வில்லில் நாண் அறுந்துபோச்சு என்று
ஜன்னலில் எட்டிப் பார்த்தானாம் இன்னொருத்தன்.

புஜத்துச் சதை
சுருட்டிவைத்த பாய்போல
தோளருகே போய் நின்றது.

நான் பாளையங்கால்வாய்க் கடைமடைக்காரி.
ஆற்றில் வெள்ளம் போகும்,
எங்கள் வயல் வெடித்துக் கிடக்கும்.
தசைநாணும் அப்படித்தான்,
சதைக்குப் பாய்கிற ரத்தம் அதற்குப் பாய்வதில்லை.
அதன் நடு இழைகள் பதினேழு வயதோடு
நெய்து முடிந்துவிடும் என்கிறார்கள்.
அதற்குமேல் புதிது இல்லை, ஒட்டுத்தான்.
பொறுத்துப் பொறுத்துப் பாரம் ஏற்றினால்
வருஷக்கணக்கில் கொஞ்சம் தடிக்கும்.
நாங்கள் பொறுக்கவில்லை.
மூன்று மாதச் சதை,
முப்பது வருஷத்துக் கயிறு,
ஒரே கை.

ஆபரேஷனுக்கு முன்னால் கேட்டார்கள்,
"வேற மருந்து ஏதும் எடுக்காரா சிஸ்டர்?"
அவர் என்னைப் பார்க்கவில்லை, மின்விசிறியைப் பார்த்தார்.
கூட வேலைபார்க்கிற நாலு பேர் நிற்க
பேரைச் சொன்னேன், அளவைச் சொன்னேன்,
போட்டது யாரென்றும் சொன்னேன்.
பேனா ஒரு நொடி நின்றது, எழுதியது.

வில்லில் கட்டினால் நாண்.
அரையில் கட்டினால் நாண்.
முகத்தில் ஏறினாலும் அதே பேர்தான்.

இப்போது ஆவணி.
அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்.
தூக்குவது சுலபம், இறக்குவதுதான் பாடு.
எட்டு எண்ணவேண்டும், எண்ணுகிறேன்.
ஏழில் கை நடுங்குகிறது,
எண்களை இழுத்துவிடாமல் பார்த்துக்கொள்கிறேன்.

பளு போகட்டும்,
திருகுவதுதான் வரவில்லை.
பூட்டில் சாவி. சக்கரத்தில் நட்டு.
ராத்திரி கைகழுவிவிட்டு
குழாயை முழுசாக மூட முடியாமல் வந்து படுக்கிறார்.
சொட்டு விழுகிறது வாளியில்.
எழுந்துபோய் ஒரு திருகு திருகினால் நின்றுவிடும்.

நான் எழவில்லை.
அவரும் தூங்கவில்லை, தெரிகிறது.
பாய் சரசரக்கிறது.